இரைச்சல் என்று யார் சொன்னது?



நம் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, அரசு விடுதியில் தங்கிப் படிப்பவன், ஸ்வீடன் நாட்டு மெட்டல் ஆல்பம் ஒன்றைப் பற்றி வட்டத்தில் பேசப் போகிறேன் என்றான். கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூத்த தோழர்கள் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். ஒருவர், "வெள்ளைக்காரப் பயலுக கத்துற இரைச்சல் நமக்கு எதுக்குப்பா? நம்மகிட்ட பறை இருக்கு" என்றார். இன்னொருவர் கொஞ்சம் பக்குவமானவர். "பேசட்டும். ஆனா ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கும் அதுக்கும் என்ன தொடர்புன்னு சொல்லிட்டுப் பேசட்டும்" என்றார்.

முதல் தோழரைவிட இரண்டாமவரிடம்தான் எனக்குச் சண்டை அதிகம். அக்கிரகாரத்துப் பையன் பீத்தோவன் கேட்டால், அதற்கும் உன் சமூக விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளை கொரியப் பாட்டுக்கு ஆடினால் அது வயசுக் கோளாறு, அவ்வளவுதான். சேரியிலிருந்து வந்த பிள்ளை மட்டும் எதை ரசித்தாலும் நோக்கம் என்னவென்று எழுதி இணைக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் வரிசையில் இப்போது ரசனைச் சான்றிதழ். அதை வழங்கும் அதிகாரியாக நம் இயக்கமே உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

தம்பி பேசினான். நன்றாகவே பேசினான். அவன் பேசியதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை. அவன் போட்ட ஆல்பத்தைப் பற்றியும், அது கிளப்பிய சண்டையைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்'. குழு, ஆட் தி கேட்ஸ். 1995 நவம்பரில் வெளிவந்தது. 11 பாட்டு, மொத்தமே 34 நிமிடம்தான். பழனியிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் ஒட்டன்சத்திரத்தில் ஏறி உட்கார்ந்து போட்டால், பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிந்துவிடும். டெத் மெட்டல் என்ற வேகமான, உறுமும் இசைக்குள், இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகச் சேர்ந்து வாசிக்கும் பழைய ஹெவி மெட்டல் முறையைக் கொண்டுவந்து புகுத்தினார்கள் கோத்தன்பர்க் நகரத்துப் பையன்கள். அதைத்தான் மெலடிக் டெத் மெட்டல் என்கிறார்கள். இன் ஃபிளேம்ஸ், டார்க் டிராங்க்விலிட்டி என்று அதே நகரத்திலிருந்து இன்னும் இரண்டு பெரிய குழுக்கள் வந்தன. மூன்று குழுக்களும் ஃபிரெட்மன் என்ற ஒரே ஸ்டுடியோவில் பதிவு செய்தவர்கள்.

முதல் பாட்டு இயந்திர ஓசையோடு தொடங்கும். பட்டறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். சட்டென்று கிதார் வந்து அதை அறுத்துவிட்டு ஓட ஆரம்பிக்கும். அந்த ஓட்டத்தில் கொழுப்பே கிடையாது. நான்கு நிமிடத்துக்கு மேல் எந்தப் பாட்டும் இழுக்காது. அட்ரியன் எர்லான்ட்சனின் டிரம்ஸைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பங்க் இசையிலிருந்து வந்த விரட்டும் அடி அது. காலுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கு. கிதார் வாசிக்கும் ஆண்டர்ஸ் பியோர்லரும் பேஸ் வாசிக்கும் யோனாஸ் பியோர்லரும் இரட்டைப் பிறவிகள். இன்னொரு கிதார் மார்ட்டின் லார்சன். மூன்றாவது பாட்டில் ஆண்டி லராக் விருந்தாளியாக வந்து ஒரு சோலோ வாசித்துவிட்டுப் போவார். அத்தனை பரபரப்புக்கு நடுவில் அது மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். ஐந்தாவது தடம் குரலே இல்லாத, மென்மையான ஒரு கிதார்த் துண்டு. இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ள விடுவார்கள், பிறகு மறுபடியும் கழுத்தைப் பிடிப்பார்கள்.

அப்புறம் அந்தக் குரல். தொமாஸ் லிண்ட்பெரி. டெத் மெட்டல் பாடகர்கள் பெரும்பாலும் அடிவயிற்றிலிருந்து, பூதம் மாதிரி உறுமுவார்கள். இவர் அப்படி இல்லை. தொண்டையின் மேல்பகுதியில், கிழிந்துபோகும் எல்லையில் நின்று கத்துவார். மிரட்டுகிறவனின் குரல் இல்லை அது, மாட்டிக்கொண்டவனின் குரல். நம்பிக்கையிழப்பு, பொய், மதத்தின் மீதான வெறுப்பு, சாக வேண்டும் என்ற நினைப்பு எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. அவர் பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் சமூகவியல் பாடம் நடத்திய வாத்தியார் என்பது எனக்குப் பிடித்த தகவல். 2025 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 52.

நம் பிள்ளைகளிடம் சமூகம் எதிர்பார்க்கும் முகம் எது என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் கம்பீரம், நேர்காணலில் பணிவு, விடுதி வார்டனிடம் பொறுமை, முகநூலில் கண்ணியம். துக்கத்தைக்கூட ஆதாரத்தோடு, எண்ணிக்கையோடு, சட்டப்பிரிவோடு சொல்ல வேண்டும். 34 நிமிடம் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் கத்துகிற குரலோடு ஒரு பையன் காதைக் கொடுத்து உட்கார்ந்தால் அதில் எந்த இயக்கத்துக்கு என்ன நட்டம்?

"ஒப்பாரியும் இப்படித்தானே, பறையும் இப்படித்தானே, அதனால் இது நம்முடையதுதான்" என்று சிலர் சமாதானம் செய்ய வருவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு அந்த ஒப்பீடு வேண்டாம். நம்முடையதோடு ஒப்பிட்டால்தான் நாம் கேட்கலாம் என்றால், அது பழைய வேலியையே கொஞ்சம் தள்ளிப் போடுவதாகும். அந்த ஆல்பம் கோத்தன்பர்க்கினுடையது. நாம் கேட்கிறோம். போதும்.

"நம்மகிட்ட பறை இருக்கு" என்ற முதல் தோழரின் வார்த்தைக்கு வருகிறேன். பறை நம்மிடம் எப்படி இருந்தது? சாவுக்கும் கோயில் கொடைக்கும் ஊர்க்காரன் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் அடி, வழிமறிப்பு, வேலை மறுப்பு. அப்படித்தான் இருந்தது. அதனால்தான் "இனி அடிக்க மாட்டோம்" என்று எத்தனையோ ஊர்களில் பறையைத் தூக்கிப் போட்டார்கள், சில இடங்களில் எரித்தார்கள். அந்தப் பெரியவர்கள் கலையை அழித்தவர்களா? கட்டாயத்தை அழித்தவர்கள். அதற்குப் பிறகுதான் பறையை விரும்பி எடுப்பது சாத்தியமாயிற்று. நம் திண்டுக்கல்லிலேயே சக்தி கலைக்குழு இருக்கிறது. 1990களிலிருந்து, படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களுக்கு அங்கே பறை கற்றுக்கொடுக்கிறார்கள். பெண்கள் தொடவே கூடாது என்று சொல்லப்பட்ட கருவி அது. அமெரிக்காவிலிருந்து இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் வந்து அவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்தார். அந்தப் பெண்கள் பறையை எடுத்ததும், அதற்கு முந்தைய தலைமுறை பறையைப் போட்டதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம். எந்த ஓசை எனக்கு என்று நான்தான் முடிவு செய்வேன் என்கிற உரிமை. அந்த உரிமையில் மூன்றாவதாக ஒருவன் கிதாரை எடுத்தால் மட்டும் குறுக்கே ஏன் கை நீட்டுகிறோம்?

சாதி நமக்குத் தொழிலை மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஓசையையும் பிரித்துக் கொடுத்தது. இன்ன தோலை இன்னார் உரிக்க வேண்டும், அதை இன்னார் வாசிக்க வேண்டும், அந்த ஓசை இன்ன வாசலைத் தாண்டக் கூடாது. மிருதங்கத்துக்குத் தோல் போடும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். அந்த நூல் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் கலாஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசிக்கிறவர் மேடையில் உட்காரலாம், தோல் போட்டவர் பெயர் புத்தகமாக அரங்குக்குள் வரக்கூடாது. (இடையில் ஒன்று: டிரம்ஸ் கிட்டுக்கு 1950களின் கடைசியிலிருந்தே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. செத்த மாடும் இல்லை, தீட்டும் இல்லை. இப்போது ஃபைபர் பறையும் வந்துவிட்டது. தீட்டு என்னவோ அப்படியே இருக்கிறது, அது தோலில் எப்போதும் இருந்ததில்லை என்பதால்.)

பாபாசாகேப் தன் பிற்காலத்தில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றுக்கொண்டார். அவருடைய வயலினைப் புனேயில் உள்ள நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். மகர் சாதியின் பாரம்பரியக் கருவியை ஏன் எடுக்கவில்லை என்று அவரைக் கேட்கும் துணிச்சல் நம்மில் யாருக்காவது உண்டா? அவர் கோட்டையும் டையையும் சிலை சிலையாக வடிக்கிறோம். கோட்டு அவருக்கு என்ன சொன்னது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே கோட்டைப் பேரன் கறுப்பு டி-சர்ட்டாக மாற்றிப் போட்டால் மேற்கத்திய மோகம் என்கிறோம்.

சரி, இரைச்சல். இந்த மாவட்டத்தில் இரைச்சல் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஒரு இரவு ஷிப்ட் நின்று பாருங்கள். எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு மணி நேரம். பக்கத்தில் நிற்பவளிடம் பேச வேண்டுமானால் காதுக்குள் கத்த வேண்டும். பல வருடம் நின்றவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுகிறார்கள். அதை யாரும் இரைச்சல் என்று சொல்லி நிறுத்தக் கேட்டதில்லை. அதற்குப் பெயர் உற்பத்தி. 2021 ஜனவரியில், இங்கே ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மீது கொலை வழக்கு. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பாலியல் துன்புறுத்தலையும் சாதிக் கொடுமையையும் பற்றித் தொழிலாளிகளே புகார் செய்து கண்காணிக்கும் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட பிராண்டுகளில் ஒன்று எச் அண்டு எம், ஸ்வீடன் கம்பெனி. ஸ்வீடனுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். அங்கிருந்து ஆர்டர் வரலாம், இங்கிருந்து சட்டை போகலாம், அவர்கள் பாட்டு மட்டும் நம் காதுக்கு வரக்கூடாதா?

மெட்டல் இசையின் பிறப்பே ஆலையில்தான். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துத் தகடு ஆலை ஒன்றில் வேலை செய்த டோனி அயோமி, 17 வயதில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இனி கிதார் வாசிக்க முடியாது என்றார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார், பிறகு கம்பிகளைத் தளர்த்தி ஓசையையும் கீழே இறக்கினார். பிளாக் சப்பாத் குழுவின் அந்தக் கனத்த ஓசையில் இந்தக் காயமும் இருக்கிறது. பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் கை வைத்து வேலை செய்தவர்களின் ஊரில் இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

இதுவரை நம் ஆட்களோடு சண்டை. இனி மெட்டல் ரசிகர்களோடு.

"பாட்டைப் பாட்டாகக் கேள், அரசியலைக் கொண்டுவராதே" என்பது அவர்களின் வேதவாக்கு. வேதவாக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். மெட்டல் உலகில் தமிழர்கள் உருவாக்கிய குழுக்களில் பேர்பெற்றது சிங்கப்பூரின் ருத்ரா. 1992இல் தொடங்கியது, 1998இல் முதல் ஆல்பம். கதிர் பாடுவார், பேஸ் வாசிப்பார். சமஸ்கிருத மந்திரங்களை டெத் மெட்டலுக்குள் உறுமலாகக் கொண்டுவந்து, 'வேத மெட்டல்' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். 2001இல் ஓர் ஆல்பத்தின் பெயர் 'தி ஆர்யன் குருசேட்'. ஆரிய என்றால் மேன்மையானவர் என்றுதான் அர்த்தம் என்று விளக்கம் சொல்லப்படும். அந்த விளக்கத்தைத் தமிழ்நாட்டில் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2005, 2009, 2011 என்று 'பிரம்மவித்யா' என்ற பெயரில் மூன்று ஆல்பங்கள். பிறகு 2016இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'. துவைதத்தின் எதிரி, அதாவது அத்வைதம்.

வாசிப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நல்ல குழு. மந்திர ஓதலின் ஏற்ற இறக்கத்தை டிரம்ஸோடு கோத்திருக்கும் இடங்களில் உடம்பு சிலிர்க்கும். ஆனால் சொல்லைப் பார்க்காதே என்றால் பார்ப்பேன். அத்வைதத்தின் ஆதாரமான பிரம்மசூத்திர உரையில், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், 38ஆம் சூத்திரத்துக்குச் சங்கரர் என்ன எழுதியிருக்கிறார்? சூத்திரனுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை என்று நிறுவுகிறார். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்ற தருமசூத்திர விதியைச் சான்றாக எடுத்துவைக்கிறார். இதிகாச புராணம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓர் ஓரவழி மட்டும் விடுகிறார். சூத்திரனுக்கே இது. வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் அந்தப் பேச்சிலேயே இல்லை. எல்லாம் ஒன்றே என்கிறது அத்வைதம். ஒன்று என்று தெரிந்துகொள்ளும் உரிமையை மட்டும் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. மேற்கத்திய டெத் மெட்டல் குழுக்கள் ரத்தமும் சித்திரவதையுமாகக் கற்பனை செய்து பாட்டு எழுதி, அதற்காகத் திட்டு வாங்கின. நம் ஊரில் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள், அதற்குத் தத்துவம் என்று பெயர்.

ஆனாலும் ருத்ராவை நான் தூக்கிப் போடமாட்டேன். காரணம் சொல்கிறேன். தூரத்தில் நின்று கேட்டாலே காதில் ஈயம் என்று சொன்ன மந்திரத்தை, டிக்கெட் வாங்கிய எவரும் நுழையலாம் என்ற அரங்கில், ஆயிரக்கணக்கான வாட்ஸ் ஒலிபெருக்கியில், உச்சரிப்புச் சுத்தம் பார்க்காமல் உறுமுகிறார்கள். அந்த விதியை இதைவிடப் பலமாக மீற முடியாது. மீறுகிறோம் என்பதை அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வது கேட்கிற நம் வேலை.

இந்திய மெட்டல் கூட்டத்தின் வாசலையும் பார்த்துவிடுங்கள். நல்ல கிதார், ஆம்ப், ஒலிபுகாத அறை, ஆங்கிலம், பெங்களூருக்கோ மும்பைக்கோ கச்சேரி பார்க்கப் போக வண்டிச்செலவு. இவை உள்ள வீட்டுப் பிள்ளைகளின் கூடாரமாகத்தான் அது பெரும்பாலும் இருந்தது. 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஒப்பெத் குழு வந்து உறுமிவிட்டுப் போனது. வளாகத்தின் புனிதம் கெடவில்லை. 2015 மே மாதம் அதே வளாகத்தில், அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகுதான் ஜூனில் திரும்பக் கிடைத்தது. ஒரு துண்டறிக்கை உண்டாக்கிய கலவரத்தை ஒரு டெத் மெட்டல் கச்சேரி உண்டாக்கவில்லை. எது உண்மையில் பலத்த ஓசை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

கிதாரும் பறையும் ஒரே மேடையில் நிற்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பதில் சொல்லிவிட்டது. அயோத்திதாசரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தவர்கள். அதை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எல்லாரும் கேட்டதுதான்.

எனக்கு இப்போது வேறொரு கணக்கு ஓடுகிறது. கோத்தன்பர்க்கில் அந்த நேரத்தில் அத்தனை குழுக்கள் எப்படி முளைத்தன? கப்பல் கட்டும் தளங்கள் 1970களின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊர் அது. ஆனால் ஸ்வீடனில் ஊராட்சியே நடத்தும் இசைப்பள்ளிகள் இருந்தன. தொழிலாளர் இயக்கத்திலிருந்து வளர்ந்த கல்வி வட்டங்கள் இருந்தன. நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு என்று பதிவு செய்தால், வாசிப்பு வட்டத்துக்குக் கொடுப்பதுபோலவே அவர்களுக்கும் ஒத்திகை அறையும் அரசு மானியமும் கிடைத்தது. வாசிப்பு வட்டமும் மெட்டல் பேண்டும் அங்கே ஒரே பதிவேட்டில் இருந்தன என்பதை என் இரண்டு தோழர்களும் கவனிக்க வேண்டும்.

இங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் முழுநேரப் பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், சந்தோஷம். அந்த விடுதிகளில் ஒரு கிதாரை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி உண்டா? தம்பி தன் கிதாரை ஊரில் அத்தை வீட்டில் வைத்திருக்கிறான். மாதத்துக்கு இரண்டு நாள்தான் தொடுகிறான். விடுதியில் வாசித்தால் மற்றவர்கள் படிப்புக் கெடும் என்று வார்டன் சொல்வதும் நியாயம்தான், கதவு சாத்தும் அறை ஒன்று இல்லாதபோது.

ஆகவே வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். மாவட்டத்தில் முதலில் ஓர் ஆண்கள் விடுதியிலும் ஒரு பெண்கள் விடுதியிலும் இசைக்கு என்று ஓர் அறை, இரவு ஒன்பது மணி வரை. அதில் பறை இருக்கும், கிதார் இருக்கும், ஒரு டிரம்ஸ் கிட் இருக்கும். எதை எடுப்பது என்று வருகிற பிள்ளை முடிவு செய்யும். என்னைப் போனில் அழைத்த மூத்த தோழர்கள் இருவரும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இரண்டாமவர் சரி என்றார். முதல் தோழர் அந்த ஆல்பத்தை அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது பாட்டிலிருந்து கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜெய்பீம்.